தோட்டத்துக் காது

ஈப்போவில் பூவைப் பார்த்துப் பயப்படாத ஆளை நான் பார்த்ததில்லை. போலீசுக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள், பெண்டாட்டிக்குப் பயப்படாதவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் ஒரு காகிதத்தில் பூவை அச்சடித்து நீட்டினால் போதும், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று இனத்தாரும் மூன்று பக்கம் துள்ளுவார்கள். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபின் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையில் நிஜப் பூவைப் பதிக்கிறேன் பேர்வழி என்று நான் கிளம்பியபோது தெரிந்துகொண்ட முதல் விஷயம் இது.

அச்சகம் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கடைவீட்டின் கீழ்த்தளம், காலால் மிதித்து ஓட்டும் ஓர் அச்சு இயந்திரம், ஈய எழுத்துகள் நிறைந்த மரப்பெட்டிகள், ஒரு காற்றாடி. காற்றாடியைப் போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் நாங்கள் வெந்துபோவோம். முதலாளியை நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், திட்டும் நேரம் தவிர. என் வேலை எழுத்துக் கோப்பது. கல்யாணப் பத்திரிகையும் கருமாதி அட்டையும் ஒரே மேசையில் கோத்ததில், ஒரு தடவை கல்யாணப் பத்திரிகையில் ‘கண்ணீருடன் அழைக்கும்’ என்று போய்விட்டது. பெண் வீட்டார் சண்டைக்கு வந்தபோது அண்ணே அசரவில்லை. “பொண்ணக் கட்டிக் குடுக்குறப்ப எப்படியும் அழுவீங்கதானேலா?” என்றார். அவர்கள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் பிறந்தது பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது ரப்பர் பால் பதப்படுத்தும் கொட்டகையில், வேலை. உறைந்த ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு, கையால் சுற்றித் தகடாக்கும் மிஷின் அவர் பொறுப்பு. ஏழு வயதில், அவர் பார்க்காத நேரத்தில், ஈரத் தகட்டின் மேல் ஒரு பெரணி இலையை வைத்து நான் உருட்டிவிட்டேன். இலையின் நரம்பெல்லாம் ரப்பரில் அப்படியே இறங்கியிருந்தது. அத்தனை அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா பார்த்தது ஒரு தகடு கெட்டுப்போனதை. முதுகில் ஒன்று வைத்தார். என் கலைப் படிப்பு மொத்தமும் அந்த ஓர் அடிதான்.

பின்னாளில் ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். உருட்டுகிற மிஷின்களெல்லாம் பழைய இரும்பாகிப் புல்லுக்குள் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு நாள் அண்ணேயிடம் சொன்னேன்.

“அண்ணே, அந்த மிஷின்ல பூவ வச்சு உருட்டுனா கார்டுல அப்படியே விழும். ஈப்போவுல வேற யாருகிட்டயும் இல்லாத ஐட்டம்.”

கடைசி வாக்கியம் வேலை செய்தது. பீடோரில் சின்னதாக ஒரு ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த சீன முதலாளி, தௌக்கே என்போம், மிஷினையும் கொடுத்து ஒரு கூடை கொய்யாவையும் இலவசமாகக் கொடுத்தார். இத்தனை தாராளம் எதற்கு என்று லோரி ஈப்போ வந்து சேர்ந்த பிறகுதான் புரிந்தது. ரப்பர் மிஷினில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் உருளை வழவழப்பாக இருக்கும், இன்னொன்றில் வரிவரியாக வெட்டியிருக்கும். அவர் எங்கள் தலையில் கட்டியது வரி போட்டது. நான் அடித்த முதல் பூ ஜெயில் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு வந்தது. அண்ணே அதையும் “டிசைன்லா” என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. திரும்பப் போய், தௌக்கேயோடு மலாயிலும் கண்டனீஸிலும் தமிழிலும் ஒரு மணி நேரம் சண்டை போட்டு, வழவழப்பானதை வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அன்று கொய்யா கொடுக்கவில்லை.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. பூவைப் பறித்துப் பழைய பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே எழுத்துப் பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் தட்டையாகிவிடும். அதன் மேல் மையை மெல்லிசாகத் தடவி, கார்டின் மேல் கவிழ்த்து, ஒரு துண்டுக் கம்பளியைப் போர்த்தி உருளைக்குள் விட வேண்டும். மை கூடினால் பூ கரடியாகும், குறைந்தால் ஆவியாகும். ஒரு பூ நாலைந்து கார்டு தாங்கும், அப்புறம் நைந்துவிடும். ஆகவே நூறு கார்டுக்கு இருபது முப்பது பூ வேண்டும், அத்தனையும் ஒரே அளவில். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிலிபினில் யார் வீட்டு வேலியில் என்ன பூக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். பக்கத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் என்னைத் தெரியும்.

முதலில் கெம்போஜா பூவை, வெள்ளை இதழில் நடுவே மஞ்சளோடு இருக்குமே அதை, அடித்தேன். ஐந்து இதழ், தடித்த பூ, கச்சிதமாக விழுந்தது. அடுத்த கடை வாசலில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்ற மலாய்க்கார அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். “ஈஷ்! புங்கா குபோர்!” என்று கையை உதறினார். கல்லறைப் பூ. அவர்கள் இடுகாடு முழுக்க அந்த மரம்தான் நிற்கிறது, சாயங்காலத்துக்கு மேல் அந்த வாசம் அடித்தால் அதற்குக் கீழே எந்தப் பேய்ப்பெண் நிற்கிறாள் என்று அவர் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பசி எடுத்ததால் நாசி லெமாக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்தது சாமந்தி. காகிதம் கொண்டுவந்து போடும் சீன அங்கிள் அதைப் பார்த்ததும் “ச்சோய்! ச்சோய்!” என்று எச்சில் துப்பாத குறையாகப் பின்வாங்கினார். அவர்களுக்கு அது சாவு வீட்டுப் பூ. நம் ஆட்களாவது வாங்குவார்கள் என்று பார்த்தால், அவர்களுக்குப் பாடை ஞாபகம் வந்தது. ஒரே பூ இரண்டு இனத்தாரையும் ஒற்றுமையாகக் கொன்றது.

மல்லிகைக்கு யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் மல்லிகை அச்சில் ஏறாது. காப்பி சிந்தியதுபோல ஒரு கறை விழும், அவ்வளவுதான். செம்பருத்தி நாட்டின் தேசியப் பூவாயிற்றே என்று ஆசையாக எடுத்தால், இதழ் மெல்லிசு, மையில் ஒட்டிக் கிழிந்துவிடும். பச்சையாக வைத்து உருட்டினால் கொழகொழவென்று பிதுங்கி, சிவப்புப் பூ கத்தரிக்காய் நிறத்தில் வரும். செம்பருத்தியை என் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன்.

தாழம்பூ விஷயத்தில் அண்ணேதான் குறுக்கே விழுந்தார். லூமுட் கடற்கரையிலிருந்து ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்திருந்தார், மடல் மடலாக, கடையே மணத்தது.

“இது வேண்டாம் தங்கச்சி. பொய்ச் சாட்சி சொன்ன பூ. கல்யாணப் பத்திரிகைல போட்டா மாப்பிள்ள வீட்டுல கேப்பாங்க.”

அந்தக் கதை எனக்கும் தெரியும். சிவன் அடிமுடி தெரியாத நெருப்பாக நிற்கிறார். முடியைப் பார்க்கப் பறந்துபோன பிரம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, நான் முடியைப் பார்த்தேன் என்று எனக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடு என்கிறார். அது பாவம், சொல்லிவிடுகிறது. அன்றிலிருந்து சிவன் பூசைக்குத் தாழம்பூ ஆகாது. பிரம்மாவுக்கும் கோயில் கிடையாது என்று தீர்ப்பு. ஆனால் அவர் படைக்கிற உத்தியோகத்தில் அப்படியேதான் இருக்கிறார். கோயில் வாசலில் நிறுத்தப்பட்டது பூதான். பெரிய இடத்து ஆள் ஒருவர் கேட்டால் சின்ன இடத்து ஆள் எப்படி மறுக்கும் என்று யாராவது யோசித்தார்களா? நான் யோசித்தேன், ஆனால் அண்ணே மேசையிலிருந்து தாழம்பூவை எடுத்து மனைவிக்குத் தலையில் வைக்கக் கொண்டுபோய்விட்டார்.

கடைசியில் யாரும் பயப்படாத பூ என்று ஒன்றும் மிஞ்சவில்லை. பெரணி இலையை அடித்து விற்றேன். பெரணியை எல்லா இனத்தாரும் சமைத்துத் தின்கிறார்கள், அதனால் அதற்கு யாரும் பேய்க்கதை கட்டவில்லை. இரண்டு மூன்று வருஷம் சிலிபின் பக்கத்துத் தமிழ்க் கல்யாணங்கள் பலதும் என் பெரணியோடுதான் நடந்தன.

இப்படி இருக்கும்போதுதான் டீச்சர் போன் செய்தார்.

டீச்சர் யாழ்ப்பாணத்தார். ஈப்போவில் நல்ல தெருவில் கல்வீடு, வீட்டுக்காரர் ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்த தூரத்தைச் சுருக்கமாகச் சொன்னால், தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிடும்போது வரிசையில் நின்றவர்கள் நாங்கள், பெயரை வாசித்தவர்கள் அவர்கள். எங்கள் அச்சகத்துக்கு அதுவரை யாழ்ப்பாணத்து ஆர்டர் வந்ததே இல்லை. அண்ணே போனை என்னிடம் கொடுத்துவிட்டு, வாய் மேல் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இயந்திரத்தை மட்டும் நிறுத்தவில்லை. கடகடவென்று அது ஒருபக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை லூமுட்டில் உத்தியோகம், இருநூறு பத்திரிகை வேண்டும் என்றார் டீச்சர். “உந்த இலை குழை எல்லாம் எங்களுக்கு வேண்டாம். செவ்வரத்தம்பூ போடுங்கோ.”

செவ்வரத்தம்பூ என்று ஒரு சொல்லை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கேட்காத சொல்லைக் காது எப்படிக் கேட்கும்? தனக்குத் தெரிந்த ஒன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டது.

“செவ்வரளிங்களா டீச்சர்?”

“ஓம், ஓம். அதுதான். சிவப்பு. எங்கட பிள்ளையாருக்கும் வைக்கிறது.”

போனை வைத்ததும் அண்ணே முகம் சுருங்கியது. “அரளியா? கல்யாணத்துக்கா?”

அவர் சுருங்கியதற்குக் காரணம் உண்டு. செவ்வரளி எங்களுக்கு அம்மன் கழுத்தில் மாலை. அதே அரளிதான், வீட்டில் சண்டை முற்றினால் “நான் அரளிய அரச்சுக் குடிச்சிருவேன்” என்கிற மிரட்டலும். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் மாதத்துக்கு ஒருத்தராவது இந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, அரைமணி நேரத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவார்கள். சொல்லுக்குத்தான் அந்தப் பூ, ஆனால் அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும்.

“சிலோன்காரவுங்க வழக்கம் வேறண்ணே,” என்றேன். “நமக்கு என்ன தெரியும்?”

அண்ணேயும் ஒப்புக்கொண்டார். எங்கள் ஆளாக இருந்தால், அரளியாவது கல்யாணமாவது என்று இருவரும் சேர்ந்து சண்டை பிடித்திருப்போம். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற புத்தி எங்கள் இருவருக்கும் இருந்தது.

அரளி ஒரு தங்கமான பூ, அச்சுக்கு. சிலிபின் அம்மன் கோயில் ஓரம் பறித்தேன். அதன் பால் பட்டுக் கை அரித்தது, ஆனால் இதழ் ஒவ்வொன்றும் ஓரம் பிசகாமல் விழுந்தது. கீழே கத்திபோல இரண்டு இலை. நான் அடித்ததிலேயே அழகான அச்சு அதுதான், இன்றைக்கும் அதைச் சொல்லத் தயங்க மாட்டேன்.

மாதிரி அட்டையைப் பார்க்க டீச்சர் வரவில்லை. சிரம்பானுக்குச் சேலை எடுக்கப் போய்விட்டார். எழுத்துப்பிழை பார்க்க மகளை அனுப்பியிருந்தார். கல்யாணப் பெண்ணே தன் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்த வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இருபது வயதிருக்கும், ஒல்லி, மூக்கில் இறங்கிய கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா. இரண்டு இடத்தில் ஒற்று மிகவில்லை என்று சுழித்தாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் திருத்தியது சரியாக இருந்தது. அப்புறம் அட்டையைத் திருப்பிப் பூவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இது என்ன பூ எண்டு அம்மா சொன்னவ, அக்கா?”

“செவ்வரளின்னு சொன்னாங்க.”

பேனாவை மூடினாள், திறந்தாள். பிறகு சம்பந்தமே இல்லாமல் வேறு கதைக்குப் போனாள். பினாங்கில் யுனிவர்சிட்டியில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, தாவரவியல். கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கல்யாணமும் ஜூனில், யுனிவர்சிட்டியும் ஜூனில். கடிதத்தை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார், பத்திரமாக.

“நீ படிக்கணும்னு சொல்லலையா?” என்றேன்.

“ஒருத்தரும் கேக்கேல்லையே, அக்கா.”

இதைச் சொல்லும்போது அழவெல்லாம் இல்லை. மாதிரி அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். “வடிவா இருக்கு. இதையே அடியுங்கோ. பத்திரிகை எல்லாம் நானே வந்து எடுக்கிறன், விலாசமும் நானே எழுதிப் போடுறன். அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம்.”

நல்ல பிள்ளை, அம்மாவுக்கு எத்தனை ஒத்தாசை என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்திரிகை போன எட்டாம் நாள் டீச்சர் போனில் கத்தினார். இயந்திரம் ஓடியும் கேட்டது. “நான் சொன்னது செவ்வரத்தை! நீர் அடிச்சு வச்சிருக்கிறது அலரி! நஞ்சு!”

“டீச்சர், செவ்வரத்தைன்னா என்னாங்க?”

“செவ்வரத்தை தெரியாதோ? புங்கா ராயா! புங்கா ராயா!”

செம்பருத்தி. எங்கள் அரளி அவர்களுக்கு அலரி. ஒரு தமிழச்சிக்கு இன்னொரு தமிழச்சி ஒரு பூவைப் புரியவைக்க மலாய் வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா லூமுட்டிலிருந்து பத்திரிகையும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிறார், நீர் உடனே இங்கு வந்து பதில் சொல்லும் என்று டீச்சர் போனை வைத்துவிட்டார்.

அண்ணே பதறவில்லை. கோப்பிலிருந்து அந்த மாதிரி அட்டையை உருவி என் கைப்பையில் திணித்தார். “பொண்ணு கையெழுத்து இருக்கு. இதக் காட்டு, வாயத் தொறக்காத.” மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் எனக்கு விடிந்தது. தாவரவியல் படிக்க இடம் கிடைத்தவளுக்குச் செம்பருத்தியும் அரளியும் தெரியாதா? அம்மா என்ன பூ சொன்னார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும். தானே எடுத்துப்போய், தானே உறையில் போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு முதலில் அனுப்பியிருக்கிறாள். அந்தக் குட்டி என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள்! கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்குள் போனதும் அட்டையை எடுத்து மேசையில் அடிப்பது என்று முடிவு செய்துகொண்டேன். அண்ணே வாசலில் நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

கூடத்தில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் ஐயா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். மாப்பிள்ளையின் அம்மா பெரிய உருவம், நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார், மடியில் என் பத்திரிகை. பெண் திரைச்சீலை ஓரம் நின்றாள். யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“எங்கட வளவில ரெண்டு அலரி நிக்குது,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, என்னைப் பார்த்து. “மாடு திண்டால் மாடு தப்பாது. அதைக் கொண்டுவந்து என்ர மகன்ர பேருக்கு மேல அடிச்சிருக்கு. ஆர் சொல்லி அடிச்சனீர்?”

நான் பையைத் திறந்தேன். கை உள்ளே போய் அட்டையைப் பிடித்தும்விட்டது. அப்போது டீச்சர் சொன்னார்.

“இதுகளுக்கு என்ன விளங்கும்? தோட்டத்துக் காது. நான் சொன்னது ஒண்டு, கேட்டது ஒண்டு.”

என் அப்பா அந்த ஸ்டோரில் முப்பது வருஷம் மிஷின் சுற்றியவர். அந்த ஒரு வார்த்தைக்கே அட்டையை எடுத்து டீச்சர் முகத்தின் முன் ஆட்டியிருக்க வேண்டும். ஆட்டத்தான் தலையைத் தூக்கினேன். சுவரில் சாமிப் படம். அதன் பின்னாலிருந்து ஒரு பழுப்பு உறையின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது, அரசாங்க முத்திரையோடு. அதற்கு நேர் கீழே அந்தப் பெண் நின்றாள். என்னைப் பார்த்து அவள் கெஞ்சவில்லை, தலையாட்டவில்லை. நான் காட்டினால் காட்டட்டும் என்றுதான் நின்றாள். ஆனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தாள். எனக்குக் கோபம் போய்விட்டது. போனது மட்டுமில்லை, அவளை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. ஒருத்தி தன் மனதில் இருப்பதைச் சொல்ல இருநூறு கார்டு அடிக்க வேண்டியிருக்கிறதே என்று.

பையை மூடினேன்.

“யாரும் சொல்லலங்க. டீச்சர் சொன்னது சரிதான். எனக்குத்தான் காதுல தப்பா விழுந்துச்சு.”

“அப்ப மாதிரியைப் பாத்த என்ர மகள்?” என்றார் டீச்சர்.

“அவங்க பாத்தது எழுத்து மட்டுந்தான். பூவ நான் பிறகுதான் போட்டேன்.”

முழுப் பொய். மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், ஒரு வார்த்தை, சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று. என்னை ஒரு பிரம்மாவும் கேட்டுக்கொள்ளவில்லை, அது மட்டும் வித்தியாசம்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியைத் திருப்பிக்கொண்டார், திரைச்சீலைப் பக்கம். அந்த அம்மாளிடம் என் பொய் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

“பிள்ளை, இவ காது சரியோ பிழையோ, அது கிடக்கட்டும். நீ சொல்லு. உனக்கு இந்தக் கலியாணம் விருப்பமோ?”

டீச்சர் வாயைத் திறந்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இல்லை, மாமி,” என்றாள் பெண். குரல் பாதியில் உடைந்தது, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். “இல்லை. எனக்குப் படிக்க வேணும்.”

ஐயா பேப்பரை மடித்தார். அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் எழுந்து போய்ச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்து மகளிடம் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா, “என்ர பெடியனிட்ட நான் சொல்லுறன்,” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேநீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

கல்யாணம் நின்றது. பெண் ஜூனில் பினாங்குக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். என் கதை அவ்வளவு மங்களமாக முடியவில்லை. ‘தோட்டத்துக் காது’ ஈப்போ முழுக்கப் பரவியது. யாழ்ப்பாணத்து ஆர்டர் அதோடு சரி, வேறு பெரிய இடங்களும் நின்றுபோயின. அண்ணே ஒரு மாதம் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

“அட்டைய எடுத்துக் காட்டிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்லா. எதுக்குப் பொய் சொன்னே?”

“சும்மா வந்துருச்சுண்ணே.”

மறுபடியும் பெரணிக்குப் போனேன். மாதிரி அட்டையை என் மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். கோபம் வரும் நாட்களில் எடுத்துப் பார்ப்பேன். பூ நன்றாகத்தான் விழுந்திருக்கிறது என்று திரும்ப வைத்துவிடுவேன்.

நாலு வருஷம் கழித்து ஒரு காலையில் டீச்சர் கடைக்குள் வந்தார். போன் இல்லை, ஆள் அனுப்பவில்லை, தானே. தலை நன்றாக நரைத்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதைப் பிரித்து, நாலு செம்பருத்திப் பூவை என் மேசையில் வைத்தார்.

“இதுதான் செவ்வரத்தை. வடிவாப் பாரும்.”

“பாக்கிறேன் டீச்சர்.”

மகளுக்குக் கல்யாணம் என்றார். கூடப் படித்த பையனாம், அவளே பார்த்ததாம். அம்பது பத்திரிகை போதுமாம். “அவ அலரிதான் வேணுமாம். விசர்ப் பெட்டை. நான் செவ்வரத்தை கொண்டு வந்தனான்.”

செம்பருத்தி அச்சில் ஏறாது என்று சொன்னால் நம்பமாட்டார் என்று தெரியும். அவர் கண் முன்னாலேயே ஒன்றை எடுத்து உருளைக்குள் விட்டேன். கொழகொழவென்று பிதுங்கி வந்தது. அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

“இதென்ன, கத்தரிக்காயோ?” என்றார்.

“ஆமா டீச்சர். எப்பவும் இப்படித்தான் வரும்.”

அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “சரி, அலரியையே அடியும்,” என்றார். மிச்சப் பூவைப் பைக்குள் எடுத்துப் போட்டார். போகவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அண்டைக்கு உந்த மாதிரியைப் பாத்துச் சரியெண்டு கையெழுத்துப் போட்டது ஆர்?”

என் முழங்கைக்குக் கீழேதான் இழுப்பறை. நாலு வருஷமாக அந்தக் கேள்விக்குத்தான் அந்த அட்டை அங்கே கிடந்தது.

“யாரும் போடல டீச்சர். எனக்குத்தான் காது சரியா கேக்கல.”

“என்ர காதில பூச் சுத்தாதையும். என்ர மகளுக்கு அலரியும் செவ்வரத்தையும் தெரியாதோ?”

கையில் மை இருந்தது, துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டேன். டீச்சர் கடை வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

“தோட்டத்துக் காது,” என்றார். “நல்ல காது.”

குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.